இந்த வீதி யாருடையது?

வணக்கம் நேயர்களே.

இந்தத் தமிழ் நிகழ்ச்சியில் நகராட்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. தைப்பூசம், திருப்பணி, பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பு என்று ஒலிக்கிற மைக்கில் சாக்கடை மூடியைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? ஆனாலும், கோவில் வாசலில் நாலு பேர் கூடினால் பேச்சு எதில் போய் முடிகிறது? "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, முனிசிபாலிட்டி என்னதான் செய்கிறது?" என்பதில்தானே! நம் மொரிஷியஸில் ப்ளேன் வில்ஹெம்ஸ் மாவட்டத்துப் பக்கத்து நகராட்சி ஒன்றில், பொதுப்பணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்வியை நேருக்கு நேராக வாங்கிக்கொண்டவன். அதனால் பேசலாம் என்று வந்துவிட்டேன்.

நம் தீவில் ஐந்து நகராட்சிகள். போர்ட் லூயிஸ், போ பாசின்-ரோஸ்ஹில், கத்ர் போர்ன், வாக்குவா-பீனிக்ஸ், க்யூர்பிப். ஐந்துக்கும் சேர்த்து 120 கவுன்சிலர்கள். போர்ட் லூயிஸ் தவிர மற்ற நான்கும் மேட்டு நிலத்து ஊர்கள். இவை வளர்ந்ததற்குக் காரணம் ரயில். 1864இல் வடக்குப் பாதையும் அடுத்த ஆண்டு மத்தியப் பாதையும் திறந்தார்கள். அதற்குப் பின்னாலேயே, 1860களின் பிற்பாதியில், மலேரியா வந்து போர்ட் லூயிஸைச் சூறையாடியது. கையில் காசு இருந்தவர்கள் ரயிலேறிக் குளிர்ந்த மேட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் கடைக்காரர், தையற்காரர், சமையற்காரர் எல்லாரும் போனார்கள். நிலையத்தைச் சுற்றி வீடு, வீட்டைச் சுற்றிச் சந்து. நகர சபைகள் வந்தது அதற்கப்புறம்தான். இன்றைக்கு ரோஸ்ஹில் சந்துகள் ஏன் இவ்வளவு வளைந்து நெளிகின்றன என்று திட்டுகிறோமே, யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைத்த சந்துகள் அல்ல அவை.

1956இல் பயணிகள் ரயில் நின்றது. 1964இல் சரக்கு ரயிலும் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தடம் மட்டும் கிடந்தது. போ பாசினுக்கும் ரோஸ்ஹில்லுக்கும் நடுவே அந்தத் தடம் நடைபாதையாக மாறியது. ப்ரோமனாத் ரோலாந் ஆர்மாந் என்றால் உங்களுக்குத் தெரியும். இருபுறமும் மரம், நடுவே காலாற நடக்க இடம். மாலை நேரத்தில் பென்ஷன்காரர்களும், ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக மனமில்லாத பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். மெட்ரோ எக்ஸ்பிரஸ் என்கிற புதிய ரயிலுக்கான வேலை தொடங்கியபோது அந்த மரங்களை வெட்டினார்கள். எதிர்ப்பு எழுந்தது. ஆனால் பாதை பழைய ரயில் தடத்திலேயே திரும்பி வந்துவிட்டது. 2019 இறுதியில் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ்ஹில் வரை ஓடிய மெட்ரோ, 2022 அக்டோபரில் க்யூர்பிப்பை எட்டியது. 2023 தொடக்கத்தில் ரெதுயி ஊருக்குப் போகிற கிளையும் திறந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மெட்ரோ எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்த நகராட்சியும் முடிவு செய்யவில்லை. அது அரசாங்கத்தின் திட்டம், இந்திய அரசின் உதவிப் பணத்தோடு வந்த திட்டம். பாதைக்காகப் பார்க்லியிலும் லா புத்திலும் வீடுகள் இடிபட்டபோது மக்கள் நகர மண்டபத்து வாசலில் வந்து நின்றிருந்தாலும், கவுன்சிலரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அப்படியானால் ரயில் விஷயத்தில் நகராட்சிக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. எல்லாம் தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கிறது. ரயில் வந்ததால் எந்தச் சந்து முட்டுச்சந்தானது, மழைத் தண்ணீர் முன்பு ஓடிய பக்கம் இப்போது ஓடுகிறதா, நிலையத்து வாசலில் இறங்குகிற பாட்டி நடைபாதையில் ஏற முடிகிறதா, சந்தைக்காரர்கள் எங்கே கடை போடுவது, இதையெல்லாம் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. நம் கோவில்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. தேர் ஊர்வலம் மெட்ரோ பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் மேலே மின்கம்பி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தேரின் கலசம் எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்துக்கொண்டு போலீஸிடமும் மெட்ரோவிடமும் முன்கூட்டியே பேசுவது நல்லது. முருகன் பார்த்துக்கொள்வான் என்று இந்த விஷயத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி வீதிக்கு வருகிறேன். தெருவில் குழி என்றால் உடனே முனிசிபாலிட்டியைத் திட்டுகிறோம். ஆனால் நம் சட்டத்தில் சாலைகளுக்கு வகை உண்டு. மோட்டார்வேயும் பிரதான சாலைகளும் ரோட் டெவலப்மென்ட் அத்தாரிட்டியின் பொறுப்பு. ஊருக்குள் இருக்கிற நகரச் சாலைகள்தான் நகராட்சியுடையவை. வேகத்தடை வேண்டும், ஜீப்ரா கோடு வேண்டும், சிக்னல் வேண்டும் என்றால் அதைத் தீர்மானிப்பது போக்குவரத்து மேலாண்மைப் பிரிவு. தண்ணீர்க் குழாய் சி.டபிள்யூ.ஏ. என்கிற தண்ணீர் நிறுவனத்துடையது, கழிவுநீர் வேறொரு நிறுவனம். பெரிய வடிகால்களுக்கு என்.டி.யூ. என்கிற அரசாங்கப் பிரிவு உண்டு, எங்கே எந்த வடிகால் வேண்டும் என்று பார்க்க 2017இல் லேண்ட் டிரெய்னேஜ் அத்தாரிட்டிக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். தெரு விளக்கு நகராட்சியுடையது, அது தொங்குகிற கம்பம் பெரும்பாலும் மின்வாரியமான சி.இ.பி.யுடையது. ஒரே இருபது அடிக்குள் நாலைந்து பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். வேலை செய்ய வேண்டும் என்று வரும்போது மட்டும் ஒருவரையும் காணோம்.

இதிலே இன்னொரு சிக்கல், மோர்செல்மா. கரும்புத் தோட்டமாக இருந்த நிலத்தைத் துண்டுபோட்டு விற்கிறார்கள், நாமும் வாங்கி வீடு கட்டிவிடுகிறோம். நடுவே போட்ட தார்ப்பாதை யாருடையது என்று வாங்கும்போது நாம் கேட்பதே இல்லை. எல்லாப் பாதையும் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பழைய மோர்செல்மா சிலவற்றில் பாதை இன்னும் தனியார் கணக்கிலேயே கிடக்கிறது.

ஒருநாள் ஓர் அம்மா எங்கள் கவுன்டருக்கு வந்தார். போனில் படம் காட்டினார்: கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர் சக்கரம் பாதி இறங்குகிற குழி, அதில் மழைத் தண்ணீர், தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் செருப்பு. நான் வரைபடத்தை மேசையில் விரித்து, அவர் குடியிருக்கிற சந்து எது என்று தேடிக் காட்டினேன். முனையில் இருக்கிற மாமரம் வரை நகராட்சிப் பாதை. மரத்துக்கு அப்பால் தனியார் பாதை. அவர் வீடு அப்பால். அந்த அம்மா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "குப்பை லாரி எங்கள் வாசல் வரை வருதே, ஐயா. குப்பை அள்ளும்போது உங்க ரோடு, குழி விழுந்தா எங்க ரோடா?" என்றார். சட்டப்படி பதில் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லத்தான் எனக்கு வரவில்லை. பிறகு அந்தச் சந்துக்காரர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கையெழுத்துப் போடவைத்து, பாதையை நகராட்சி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடிதம் எழுதச் சொன்னேன். அதற்கும் அகலம் போதுமா, வடிகால் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாள் பிடிக்கும். அதனால் நிலம் வாங்கப் போகிறவர்கள் நோட்டரி முன்னால் பேனாவைத் திறப்பதற்கு முன், "பாதை யார் பெயரில் இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பலர் கேட்பதுண்டு. பெரும்பகுதி அரசாங்கம் தருகிற மானியம்தான். கை அகலத்துக்குத்தான் செலவு செய்ய முடியும்.

இவ்வளவு கேட்ட பிறகு, அப்படியென்றால் நகராட்சியால் என்னதான் ஆகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் அபிப்பிராயம் இதுதான்: வீதி விஷயத்தில் நாம் நினைப்பதைவிட நகராட்சியின் கை குட்டை. கட்டட விஷயத்தில் நாம் நினைப்பதைவிட நீளம். அந்த நீளமான கையை நாம்தான் கண்டுகொள்வதே இல்லை.

யாராவது வீடு கட்ட வேண்டும், கடையாக மாற்ற வேண்டும், மாடி எழுப்ப வேண்டும் என்றால் நகராட்சியிடம் பில்டிங் அண்ட் லேண்ட் யூஸ் பெர்மிட், அதாவது கட்டட, நிலப்பயன்பாட்டு அனுமதி, வாங்க வேண்டும். விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. பல வகைக் கட்டுமானங்களுக்கு அந்த இடத்திலேயே கண்ணில் படும்படி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். சிலவற்றுக்குப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும், ஒட்டியிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். என் அனுபவத்தில் அந்தப் பலகையை நின்று படிக்கிறவர் யாரும் கிடையாது. சின்ன எழுத்து, பிரெஞ்சு அல்லது ஆங்கிலம். மதில்மேல் காகிதப்பூக் கொடி படர்ந்து பாதி வரியை மறைத்திருக்கும். சிலர் அந்தக் கொடியை வெட்டாமல் விட்டிருப்பது தற்செயல்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்ததும் உண்டு. ஆறு மாதம் கழித்து பக்கத்து வீட்டில் வெல்டிங் பட்டறைச் சத்தம் கேட்கும்போதுதான் நாம் கத்துகிறோம். அப்போது பெர்மிட் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தப் பலகை நிற்கிற நாட்கள்தான் உங்களுக்கானவை. ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. எழுதும்போதும் ஒன்று கவனியுங்கள். "அவன் நல்லவன் இல்லை", "எங்களுக்குப் பிடிக்கவில்லை", "வெளியூரான்" என்று எழுதினால் அந்தக் காகிதம் கோப்பில் தூங்கும். சத்தம், புகை, வண்டி நிறுத்த இடம் இல்லாதது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது, எல்லைச் சுவரிலிருந்து விட்டிருக்கும் இடைவெளி, இப்படி நிலத்தோடு சம்பந்தப்பட்ட காரணமாக எழுதுங்கள். தண்ணீர் விஷயத்தை வெறும் வாதம் என்று நினைக்காதீர்கள். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோதும் அதே நகரத்தில் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். தண்ணீர் போகிற வழியில் சுவர் எழுப்புகிற ஒரே ஒரு பெர்மிட் போதும், கீழே இருக்கிற பத்து வீட்டுக்காரர் அடுத்த மழையில் சோபாவைக் கட்டில்மேல் தூக்கிவைக்க.

ஆட்சேபம் தெரிவித்தவர்களைப் பெர்மிட்டை முடிவு செய்கிற நகராட்சிக் கமிட்டி கூப்பிட்டுக் கேட்கும். அங்கே போய்ப் பேசுங்கள். கிரியோலில் பேசுவதில் கூச்சம் வேண்டாம், அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். முடிவு பாதகமாக வந்தால் சுற்றுச்சூழல், நிலப்பயன்பாட்டு முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று 2012 சட்டத்தால் அமைந்திருக்கிறது. அங்கே போவதற்கும் குறிப்பிட்ட நாள் கெடு உண்டு, வக்கீலிடம் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கவுன்சிலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 ஜூனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் ஆறு ஆண்டு. கோவிட் என்று தள்ளிவைத்தார்கள், பிறகும் தள்ளினார்கள். கடைசியில் 2025 மே 4 அன்றுதான் அடுத்த தேர்தல் வந்தது. பிறந்த குழந்தை நாலாம் வகுப்புக்குப் போகிற காலம் வரை ஓட்டுப்பெட்டியே வரவில்லை. இதற்காகத் தெருவில் யாராவது இறங்கினார்களா? நான் பார்க்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தல் என்றால் வீட்டுக்கு வீடு கொடி கட்டுகிறோம். வார்டு கவுன்சிலரின் பெயரைக் கேட்டால் மேலே பார்க்கிறோம். புதிதாக வந்திருக்கிறவர்கள் நல்லவர்களோ இல்லையோ, உங்கள் வார்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவருடைய போன் நம்பராவது உங்களிடம் இருக்கட்டும்.

கடைசியாக, இந்த நிகழ்ச்சிக்கு முன்பே சில நேயர்கள் தெரு விளக்கைப் பற்றிக் கேட்டு அனுப்பியிருந்தார்கள். விளக்கு எரியவில்லை என்று சொல்லும்போது தெருப் பெயரோடு நிற்காதீர்கள். கம்பத்தில் எண் இருந்தால் பகலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு முழுக்க எரியவில்லையா, எரிந்து எரிந்து அணைகிறதா, பகலிலும் எரிகிறதா என்றும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பழுது. ஆள் வரும்போது சரியான சாமானோடு வருவார். ஆட்சேபக் கடிதமானாலும் விளக்குப் புகாரானாலும் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் இருப்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாங்காமல் நகராதீர்கள்.

நன்றி. வணக்கம்.