ரோட்டோரத்து அரை ஏக்கர்

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் விவசாயிகள் அனைவருக்கும் வணக்கமுங்க. புது நெல் நடவு முறையை ஊர் நம்ப வேண்டுமென்றால், நாம் முதலில் நம் வயலில் செய்து காட்ட வேண்டும். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயர் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்றைக்கும் பாய்கிறது. 'தன் வயலுக்காகத்தான் வெட்டினார்' என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று, அந்தத் தண்ணீரைத் தன் வம்சம் தொடாது என்று சொல்லிவிட்டுக் காலிங்கராயர் பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஆனால் செய்து காட்டுகிறவரின் மடியை ஊர் முதலில் பார்க்கும். விதையும் உரமும் இலவசமாக வாங்கிப் போர்டு நட்ட திடலைப் பார்த்து, "அவருக்கென்னங்க, மானியம் வந்துச்சு, செஞ்சாரு" என்று போய்விடுவார்கள். சொந்தக் காசில் செய்யுங்கள்.

குத்துக்கு ஒரே ஒரு இளநாற்று வைக்கும் ஒற்றை நாற்று நடவையே எடுத்துக்கொள்வோம். முழு வயலிலும் இறங்க வேண்டாம். ரோட்டோரமாக அரை ஏக்கர் போதும். மீதியில் அதே ரகத்தைப் பழைய முறையிலேயே நடுங்கள். இரண்டும் அடுத்தடுத்து இருந்தால்தான் பேச்சு எடுபடும். அந்த அரை ஏக்கருக்குத் தனி மடை இருக்கட்டும். மேல்வயல் தண்ணீர் வழிந்து வரும் இடத்தில், இந்த முறைக்கு வேண்டியபடி காயவிட்டுப் பாய்ச்ச முடியாது. பக்கத்துக்காரர் தயவில் நிற்க வேண்டிவரும்.

ஏக்கருக்கு 20, 30 கிலோ விதை விட்டுப் பழகிய கைக்கு, அரை ஏக்கருக்கு ஒன்றரைக் கிலோ என்றால் நம்பிக்கை வராது. அது போதும். நாற்றங்கால் அரை சென்ட். 14-ஆம் நாள் வேர்மண்ணோடு எடுத்து, வெயில் படாமல் கொண்டுவந்து, அரை மணி நேரத்துக்குள் நட்டுவிட வேண்டும். 25 சென்டிமீட்டர் சதுரம், ஆழம் 3 சென்டிமீட்டருக்குள். பரம்படித்தது சமமாக இல்லாவிட்டால் பள்ளத்து நாற்று மூழ்கி அழுகும். இந்த முறை தோற்ற வயல்களில் பாதிக்குக் காரணம் நாற்றல்ல, சமமில்லாத வயல்தான் என்பேன்.

அடுத்த சிக்கல் ஆட்கள். நடவை ஏக்கர் கணக்கில் கான்ட்ராக்ட் விட்டால், மெதுவாக நடும் வேலையில் அவர்களுக்குத்தான் நஷ்டம். அவசரத்தில் மூன்று நாற்றாகச் சொருகிவிடுவார்கள். முதல் போகத்துக்கு நாள் கூலி கொடுங்கள். நடவுக்குக் கோடு போடும் மார்க்கரை நீங்களே இழுங்கள். பத்தாம் நாள், களையெடுக்கும் உருளைக் கருவியான கோனோவீடரையும் முதலில் நீங்களே பிடித்து நாலு சால் தள்ளுங்கள். கைப்பிடி உயரம் பொருந்தவில்லை, சேறு இறுகி உருளை சுற்றவில்லை என்பதெல்லாம் தள்ளினால்தான் தெரியும். தண்ணீர் லேசாக நிற்க வேண்டும். ஆழமானால் பிடுங்கிய களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். பத்து நாளுக்கு ஒருதரம், நாலு முறை.

நட்ட முதல் பத்துப் பதினைந்து நாள்தான் பெரிய சோதனை. வயல் வெறுமையாகக் கிடக்கும். டீக்கடையில், "என்னங்க, நாத்துப் பத்தலையா?" என்பார்கள். இங்கேதான் பலர் மனசு உடைந்து, ராத்திரியோடு ராத்திரியாக இடையில் நாற்றுச் செருகிவிடுகிறார்கள். செருகினால் அத்தோடு போச்சு: கருவி ஓடாது, தூரும் (பக்கக் கிளைப்பும்) கட்டாது. அழுகிய இடத்தில் மட்டும் நட்டுவிட்டு, கேட்பவரிடம் "பள்ளம், அழுகிடுச்சுங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பள்ளத்தை மறைக்காதவர் சொல்லும் விளைச்சலைத்தான் பிறகு நம்புவார்கள். நாற்பதாம் நாள் வரப்போரம் இரண்டு குத்துகளை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, வந்தவரையே பிடுங்கித் தூர் எண்ணச் சொல்லுங்கள். அறுப்பன்றைக்கு இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில், ஆள் வைத்துக்கொண்டு எடை போடுங்கள். செலவுக் கணக்கையும் காட்டுங்கள், கூடுதல் நாள் கூலி உட்பட.

அடுத்த வருஷம் பக்கத்துக்காரர் அப்படியே செய்யமாட்டார். 20 நாள் நாற்று, குத்துக்கு இரண்டு என்று தன் வழியில் வைப்பார். வேறொருவர் காயவிட்டுப் பாய்ச்சுவதை மட்டும் எடுத்துக்கொள்வார். வரப்பில் நின்று திருத்தாதீர்கள். தூர் குறைந்தால் அவர்களே வந்து கேட்பார்கள். மார்க்கரை மட்டும் இரவல் கொடுத்து, இரண்டு திசையிலும் இழுக்கச் சொல்லுங்கள். ஒரு திசையில் கோடு கோணினாலும் கருவி குறுக்கே ஓடாது. கைக்களைக்கு மறுபடி ஆள் தேடவேண்டிவரும்.