முகத்துக்கு விழுந்த ஓட்டு

வணக்கம் நேயர்களே. "மூஞ்சியைப் பார்த்து ஓட்டுப் போடுறாங்கப்பா" என்று டீக்கடையில் யாராவது அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த முகம் எவ்வளவு தூரம் போகும்? எம்.ஜி.ஆரை வைத்தே பார்த்துவிடலாம்.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் அவர் சுடப்பட்டார். தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பரங்கிமலை வேட்பாளரான அவரால் தொகுதிப் பக்கமே வர முடியவில்லை. அவருக்குப் பதிலாகச் சுவரொட்டிதான் வந்தது: மருத்துவமனையில், கழுத்தில் கட்டோடு எடுத்த படம். ஜெயித்தார். 1984-ல் அவர் ஊரிலேயே இல்லை. நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வதந்தி கிளம்ப, அவர் அங்கே சாப்பிடுவதைப் படமெடுத்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிப்பட்டியில் வென்றார். இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாபமும் காங்கிரஸ் கூட்டணியும் அதில் சேர்ந்திருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, திரையில் தெரிந்த முகம்தான் காரணம் என்றால் சிவாஜி ஏன் தோற்றார்? நடிப்பில் அவருக்கு யார் நிகர்? 1989-ல் சொந்தக் கட்சியோடு, சொந்தத் தஞ்சைச் சீமையில், திருவையாற்றில் நின்றும் தேறவில்லை. என் கணக்கு இதுதான்: சிவாஜியைப் பார்த்து அழுதோம். ரிக்‌ஷாக்காரராக, விவசாயியாக வந்து நியாயம் கேட்ட எம்.ஜி.ஆரை, 'நம்ம ஆளு' என்றோம். அப்புறம், ரசிகர் மன்றங்கள். படம் வந்தால் தோரணம் கட்டி, தட்டி எழுதிய அதே பையன்கள், 1972 அக்டோபரில் அவர் கட்சி தொடங்கியதும் கிளைச் செயலாளர்கள் ஆனார்கள். அடுத்த மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தல் வெற்றி. இரட்டை இலையைச் சுவரில் வரைய ஓவியரும் தேவையில்லை, பாருங்கள்!

ஆனால் அந்த முகமும் சறுக்கியிருக்கிறது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. இனி அவ்வளவுதான் என்று டில்லியில் இருந்த இந்திரா அரசு எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சிக்கு 129 இடங்கள். இடைப்பட்ட மாதங்களில் அவர் முகம் மாறிவிடவில்லை. டில்லிக்கு இந்திரா, கோட்டைக்கு எம்.ஜி.ஆர். என்று ஓட்டுப் போட்டவர்கள் முன்பே பிரித்து வைத்திருந்தார்கள்.