காசு மிச்சம் கையிலா, மெஷினிலா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என்னைப் பார்த்து இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே, பொறுமையோடு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வீட்டில் துணி காயவைக்கும் செலவைக் குறைப்பது புதிய இயந்திரமா, நம்முடைய பழக்கமா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் இயந்திரத்துக்காக முழங்கிவிட்டுப் போனார். "சூட்டை வீணாக்காமல் துணி உலர்த்துகிற ஹீட் பம்ப் டிரையர் ஒன்றை வாங்கிப் போடுங்கள், மின்செலவு பாதியாகும், கதை முடிந்தது" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் சேர்ந்து தட்டினேன். ஏனென்றால் அவர் சொன்னது பொய்யில்லை. செலவைப் போலவே உண்மையிலும் பாதியைக் குறைத்துவிட்டார், அவ்வளவுதான்.

டிரையருக்குள் நம் காசு எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். துணி சூடாவதற்குப் போவது கொஞ்சம். பெரும்பங்கு, அதில் இருக்கும் தண்ணீர் ஆவியாவதற்குப் போகிறது. கொதிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு தீ போட்டாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, போட்ட தீயெல்லாம் ஆவியோடு போய்விடும் என்று 1760களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் விளக்கினார். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்தோமே, அதேதான். அறைச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். கம்பியைச் சூடாக்கிக் காற்று ஊதுகிற சாதாரண டிரையரில், வீணாகிற சூட்டையும் சேர்த்தால், லிட்டருக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வந்து நிற்கும்.

சரி, அதே ஒரு லிட்டரை ஆவியாக்காமல், சுழற்றியே வெளியே தள்ளினால் என்ன ஆகும்?

5 கிலோ பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்து முடித்ததும் வாஷிங் மெஷினிலேயே நிமிஷத்துக்கு 800 சுற்று வேகத்தில் ஸ்பின் செய்தால், துணியின் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கும். அதாவது மூன்றரை லிட்டர். 1400 சுற்று வைத்தால் 50 சதவீதத்தை ஒட்டி இறங்கும். இரண்டரை லிட்டர். ஒரு பட்டனைத் திருப்பியதில் ஒரு லிட்டர் போய்விட்டது. அதற்கு ஆன செலவு? மோட்டார் கூடுதலாகப் பத்து நிமிஷம் 300 வாட் இழுத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 0.05 யூனிட். ஒரு பக்கம் 0.05, இன்னொரு பக்கம் ஒன்று. கைபேசி சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைக்கிற அளவுக்குச் சிக்கனம் பார்க்கிற நாம், மெஷின் வாங்கிய நாளிலிருந்து இந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அந்தக் கணக்கு.

"அதிக வேகத்தில் சுற்றினால் துணி கசங்குமே, அப்புறம் இஸ்திரிப் பெட்டிக்குச் செலவு இல்லையா?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. பட்டும் கம்பளியும் மெல்லிய சட்டையும் தனியாக, மெதுவாகவே சுற்றட்டும். துண்டும் போர்வையும் ஜீன்ஸும் கசங்கினால் யார் கேட்கப் போகிறார்கள்? தண்ணீரை அதிகம் குடித்து வைத்திருப்பதும் அவைதானே. ஸ்பின் முடிந்ததும் டிரம்மிலேயே ஊறப்போடாமல் எடுத்து, நன்றாக உதறினால் பாதிக் கசங்கல் அங்கேயே போய்விடும். உதறுவதற்கு என்று இன்னும் யாரும் மெஷின் விற்கவில்லை. விற்றால் எதிரணித் தலைவர் அதையும் சிபாரிசு செய்வார்.

ஹீட் பம்ப் என்ன செய்கிறது? ஆவியோடு ஓடப் பார்க்கும் சூட்டைப் பிடித்து, மறுபடி டிரம்முக்கே அனுப்புகிறது. அருமையான வேலை, அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதுவும் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் மின்சாரம் குடிக்கிறது. மூன்றரை லிட்டர் கொடுத்தால் மூன்றரைக்கு, இரண்டரை கொடுத்தால் இரண்டரைக்கு. பழக்கம் இருக்கிறவன் பழைய டிரையரிலும் மிச்சம் பிடிப்பான், புதியதிலும் பிடிப்பான். பழக்கம் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சியைத் தேடி வெளியே போக வேண்டாம். சாட்சி உங்கள் முன்னால்தான் மைக் பிடித்து நிற்கிறது.

என் வீட்டு டிரையர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலையை இரண்டரை மணி நேரம் இழுக்க ஆரம்பித்தது. மெஷின் போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, புதியது வாங்க விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று மெக்கானிக்கை வரச் சொன்னேன். வந்தவர் ஸ்க்ரூ டிரைவரைக்கூட வெளியே எடுக்கவில்லை. கதவுக்குக் கீழே இருந்த ஃபில்டரை உருவினார். அதில் ஒட்டியிருந்த பஞ்சை அப்படியே ஒரு தலையணை உறையில் அடைத்துத் தைத்திருக்கலாம். "இதை எப்ப சார் சுத்தம் பண்ணீங்க?" என்றார். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்? "போன வாரம்" என்றேன். அவர் பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

காற்றுப் போகிற வழி அடைத்தால் ஈரம் வெளியேறாது. ஈரம் வெளியேறாவிட்டால் நேரம் நீளும். நேரம் நீண்டால் பில் நீளும். இதில் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரை ஒரு கையால் வழித்துவிட்டால் போதும், அரை நிமிஷ வேலை.

அப்புறம் இந்த டைமர். துணி "எலும்பு வரைக்கும்" காய வேண்டும் என்று இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறோம். காய்ந்தது என்று நாம் நினைக்கிற பருத்தியிலும் சாதாரணமாக 7, 8 சதவீதம் ஈரம் இருக்கும். அது அதன் இயல்பு. 5 கிலோவில் அதுவே 350 கிராமுக்கு மேல். மொடமொடவென்று ஆகும்வரை சூடேற்றி அதையும் துரத்தினால், அலமாரியில் வைத்ததும் காற்றிலிருந்து துணி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். காசு போனது போனதுதான். ஈரம் பார்க்கும் சென்சார் இருக்கிற மெஷினில் டைமருக்குப் பதில் அந்த சென்சாரைப் போடுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் முன்னதாகவே எடுத்து, மீதி ஈரத்தை ஹேங்கரில் ஆற விடுங்கள்.

எதிரணிச் சகோதரி இன்னொன்றும் சொன்னார். "கொடியில் போட இடம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டுக்குள் காயப்போட்டால் முடை நாற்றம், சுவரெல்லாம் பூஞ்சை" என்றார். இதில் அவரிடம் நியாயம் இருக்கிறது, நடுவர் அவர்களே. கணக்கே அவர் பக்கம் பேசுகிறது. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்று 25 டிகிரியில் மொத்தமாகவே 650 கிராம் அளவுக்குத்தான் ஈரத்தைத் தாங்கும். அதில் பாதி ஏற்கெனவே நிறைந்திருந்தால் மிச்ச இடம் 320 கிராம் சொச்சம். நாம் உள்ளே கொண்டுபோய்த் தொங்கவிடுவதோ இரண்டரை லிட்டர். எங்கே போகும் அது? சுவருக்குத்தான் போகும். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டால், அதே ஈரக் காற்று அதே அறையைச் சுற்றிச் சுற்றி வரும்.

ஆனால் பாருங்கள், இதற்கும் மருந்து பழக்கத்தில்தான் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைத் துணிப் பக்கம் திருப்பினால், 70 வாட்டில் அந்தக் காற்று வேலையை முடித்துக் கொடுக்கும். போர்வையை ஒரே கொடியில் மடித்துப் போடாமல் இரண்டு கொடியில் அகலமாகப் போடுங்கள், நடுவில் காற்றுப் போகட்டும். ஜீன்ஸின் பைகளை வெளியே இழுத்துவிடுங்கள். சட்டையை ஹேங்கரில் மாட்டிப் பொத்தானைத் திறந்துவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இருபது துணிக்கு, இடைவெளி விட்டுப் போட்ட பத்துத் துணி மேல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் ஓடுகிற வீட்டில், உள்ளே காயப்போடுவது இலவசம் இல்லை. அந்த இரண்டரை லிட்டரும் தனக்கு வேண்டிய வெப்பத்தை அறையிலிருந்து, ஆகவே ஹீட்டரிலிருந்து, எடுத்துக்கொள்ளும். ஏசி ஓடுகிற அறையில் போட்டால் அந்த ஈரத்தையும் ஏசிதான் பிழிந்து தள்ள வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், ஜன்னலும் திறக்க முடியாத நாளில், தினமும் மூட்டை மூட்டையாகத் துணி சேர்கிற குடும்பத்துக்கு ஹீட் பம்ப் டிரையர் போட்ட காசை எடுத்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை துவைக்கிற இரண்டு பேர் வீட்டுக்கு எப்போது எடுக்கும் என்று எதிரணித் தலைவர் வாயே திறக்கவில்லை. வாங்கினால் மின்செலவு பாதியாகும் என்றாரே தவிர, வாங்குகிற செலவு எத்தனை வருஷத்தில் கழியும் என்று சொன்னாரா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், தெரிகிறது. எனக்குப் பிறகு பேச வருகிற எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டு டிரையரின் ஃபில்டரைக் கடைசியாக எப்போது வழித்தீர்கள்? "போன வாரம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பதிலை நான் ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டேன். வணக்கம்.