கடல் மின்சாரத்தை முதலில் வாங்குவது யார்?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் மின்னியல் பாடம் நடத்தியவன் நான். ஒருநாள் கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "நம்ம ஊர்ல கடலே இல்லையே சார், இதை எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டான். பரீட்சையில் வரும் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று அப்போதே தெரியும். அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

என் தாத்தா வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். இளவயதில் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். அங்கே எரிந்த விளக்கை அவர் "காவேரி கரண்ட்" என்றுதான் சொல்வார். சிவசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902-ல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். சிவசமுத்திரம் தாண்டிய அந்தத் தண்ணீர்தான் அப்புறம் நம் ஒகேனக்கல்லுக்கு வந்து சேருகிறது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோவது அன்றைக்கு இந்தியாவில் யாரும் செய்து பார்க்காத வேலை. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் மைசூர் சமஸ்தானம் துணிந்து முதல் போட்டது. அதோடு, வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று சுரங்கக் கம்பெனிகளோடு முன்கூட்டியே ஒப்பந்தமும் போட்டுக்கொண்டது. வாங்கும் ஆள் முதலில், மின்நிலையம் அப்புறம். கடல் மின்சாரத்துக்கு இன்றைக்கு நம் நாட்டில் இல்லாதது இந்த வாங்கும் ஆள்தான்.

கடலிலிருந்து மின்சாரம் எடுக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது. இதை நிலவும் சூரியனும் இழுத்து நடத்துகின்றன. அதனால் இன்ன தேதி, இன்ன மணிக்கு எவ்வளவு ஏறும் என்று பல வருடம் முன்பே பஞ்சாங்கம் போல எழுதி வைத்துவிடலாம். காற்றாலைக்கும் சோலாருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. பிரான்சில் ரான்ஸ் ஆற்றின் முகத்தில் 240 மெகாவாட் ஓத மின்நிலையம் 1966-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தென்கொரியாவில் 2011-ல் 254 மெகாவாட்டில் ஒன்று வந்தது. நம் தமிழ்நாட்டுக் கரையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுதான், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் அது பத்து மீட்டரையும் தாண்டும்.

இன்னொன்று அலை. இது நமக்கும் உண்டு. அடியில் ஓட்டை விழுந்த செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், ஓட்டை வழியாகக் காற்று புஸ்ஸென்று வரும். தூக்கினால் காற்று உள்ளே போகும். செம்புக்குப் பதில் பெரிய கான்கிரீட் அறை, கைக்குப் பதில் அலை, ஓட்டையில் ஒரு விசிறிச் சக்கரம். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றுகிற மாதிரி அந்தச் சக்கரத்தைச் செய்திருப்பார்கள். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில், சென்னை ஐ.ஐ.டி. பொறியாளர்கள் மத்திய அரசின் பணத்தில் 1991-ல் அமைத்தது இப்படிப்பட்ட நிலையம்தான். 150 கிலோவாட். உலகத்திலேயே அந்த வேலையில் முன்னால் நின்றவர்களில் நாமும் இருந்தோம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறேன்.

அப்புறம் என்ன ஆனது? அடுத்த நிலையம் வரவில்லை. விழிஞ்ஞமும் ஒருநாள் மூடப்பட்டது. சுந்தரவனத்தில் துர்காதுவானி என்ற இடத்தில் 3.75 மெகாவாட் ஓதத் திட்டம் போட்டார்கள். ஒரு மெகாவாட்டுக்கு 63 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கணக்கு வந்ததும் கைவிட்டார்கள். கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட்டுக்கு 750 கோடி என்றார்கள், அதுவும் நின்றுபோனது. 2019-ல் மத்திய அரசு கடல் மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம்தான். ஆனால் பட்டியலில் இருப்பதில் மலிவானதைத்தான் மின்வாரியங்கள் வாங்கும். விலை கூடியதை வாங்கச் சொல்லி யாரும் கையைப் பிடிக்கவில்லை.

விலை அதிகம் என்பது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் இரும்பு அரிக்கும். சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும். சாதாரண நாளில் வரும் சின்ன அலையில்தான் சம்பாதிக்க வேண்டும், ஆனால் என்றோ ஒருநாள் வரும் புயலைத் தாங்குகிற அளவுக்குக் கட்ட வேண்டும். இது கடினமான தொழில்.

ஆனால் சோலார் வந்த கதையை மறந்துவிடக் கூடாது. 2010-ல் நம் நாட்டில் நடந்த முதல் பெரிய சோலார் ஏலத்தில் யூனிட் சராசரியாக 12 ரூபாய் சொச்சம். அன்றைக்கு இதைக் கிறுக்குத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த விலையைக் கொடுத்து, பல வருட ஒப்பந்தம் போட்டு அரசு வாங்கியது. 2020 கடைசியில் குஜராத் ஏலத்தில் அது 1 ரூபாய் 99 காசுக்கு இறங்கியது. முதல் சோலாருக்குக் காட்டிய பொறுமையை முதல் கடல் இயந்திரத்துக்குக் காட்டாமல், இன்றைய சோலார் விலையோடு அதை நிறுத்திப் பார்ப்பது நியாயமே இல்லை.

பிரிட்டன் இதில் ஒரு கெட்டிக்கார வேலை செய்தது. மின்சார ஏலத்தில் ஓத நீரோட்டத்துக்கு, அதாவது ஓதத்தால் ஓடும் தண்ணீரில் சக்கரம் சுற்றி மின்சாரம் எடுப்பதற்கு மட்டும், வருடத்துக்கு 2 கோடி பவுண்டைத் தனியாக ஒதுக்கியது. 2022-ல் வந்த முடிவில் நாலு திட்டங்கள், ஏறக்குறைய 40 மெகாவாட். ஆயிரம் யூனிட்டுக்கு 178 பவுண்டு என்று விலை. அதே ஏலத்தில் கடல் காற்றாலைக்குக் கிடைத்தது 37 பவுண்டு. ஐந்து மடங்கு பக்கம் அதிகம் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். ஒதுக்கிய தொகைக்கு மேல் போகாது என்பதால் மக்கள் தலையில் விழும் சுமைக்கும் ஒரு எல்லை இருந்தது.

அலை விஷயத்தில் அவர்களும் அடிபட்டவர்கள்தான். ஸ்காட்லாந்தின் பெலாமிஸ் என்ற கம்பெனி 2014-ல் திவாலானது. ஆனால் கற்றது வீணாகக் கூடாது என்று அந்த அரசு உடனே தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கி, கம்பெனியின் தொழில்நுட்ப உரிமையை வாங்கி வைத்துக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்கு விழிஞ்ஞம்தான் ஞாபகம் வந்தது. மனசு கனத்துப்போனது.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், சென்னை ஐ.ஐ.டி. குழு 'சிந்துஜா-1' என்ற மிதவையை இறக்கிச் சோதித்தது. கிடைத்தது 100 வாட். ஒரு மின்விசிறி ஓடும், அவ்வளவுதான். ஆனால் இந்த 100 வாட் ஒரு மெகாவாட் ஆவதற்கு நடுவில் பல இயந்திரங்கள் கடலில் கிடந்து, உடைந்து, திருத்தப்பட வேண்டும். அந்தச் செலவை எந்த வங்கியும் ஏற்காது. அரசுதான் ஏற்க வேண்டும்.

எங்கே தொடங்கலாம் என்றால், லட்சத்தீவும் அந்தமானும். அங்கே கப்பலில் டீசல் கொண்டுபோய் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கடல் மின்சாரத்தின் விலையை அந்த டீசலோடு ஒப்பிடட்டும், ராஜஸ்தான் வெயிலோடு வேண்டாம். அதோடு நம் கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு நிரந்தரச் சோதனை இடம் வேண்டும். மின்கம்பி ஏற்கெனவே கடலுக்குள் போட்டிருக்க வேண்டும். யார் இயந்திரம் செய்தாலும் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் 2003-லிருந்து இப்படி ஒரு இடம் இருக்கிறது. நம் சோதனை இடம் அமையும் பக்கம் மீன் பிடிக்கிறவர்களிடம் வரைபடம் போடும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். கடலை அவர்களை விட அறிந்தவர்கள் யாரும் இல்லை.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் நம் ஊர்களில் புளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர்! இன்றைக்கு அந்தக் காவிரித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற ராத்திரியும் மோட்டார் ஓட வேண்டும். ராத்திரி சோலார் வராது. அலை ராத்திரியும் அடிக்கும். கம்பி இருந்தால் மின்சாரத்துக்குத் தூரம் கிடையாது என்பதை என் தாத்தா தங்கவயலில் பார்த்தவர்.

பர்கூரிலும் ஓசூரிலும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில், செயற்கையாக அலை எழுப்பிச் சோதிக்கும் அலைத்தொட்டி இருக்கிறது. உங்கள் ஆசிரியரிடம் சொல்லி, அனுமதி வாங்கி, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.