திண்ணையில் ஒரு வாளி

நேயர்களுக்கு வணக்கம்.

படத்தொகுப்பு என் தொழில். சென்ற ஆண்டு கும்பகோணத்தில் ஐந்து கல்லூரி மாணவர்களோடு சில வாரங்கள் இருந்தேன். ஒரு திரைப்படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் அவர்கள் எடுக்க வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள், என்று கணக்கிட்டால் 2,880 ஃப்ரேம்கள். அதற்குள் இவர்கள் யார், இது எந்த இடம், இங்கே என்ன குறை என்பதெல்லாம் பார்ப்பவர் மனத்தில் விழுந்துவிட வேண்டும். அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பும் வர வேண்டும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி, யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுகிறாள். வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கும் அம்மா, திண்ணையில் மகளைப் பார்க்கிறாள். இதுதான் கதை. முதலில் எழுதியபோது, கதவு திறந்ததுமே மகள், "அம்மா, நான் படிப்பை விட்டுவிட்டேன்" என்று அழுதாள்.

"இப்போதே சொல்லிவிட்டால், மூன்றாவது நிமிடத்தில் நான் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

இரண்டு நாள் வாக்குவாதம். கடிதம் வைக்கலாம் என்றான் ஒருவன், பழைய நினைவாகக் காட்டலாம் என்றாள் இன்னொருத்தி. அதுவரை வாய் திறக்காமல் கதைப்பலகைக்குக் கட்டம் கட்டமாகப் படம் வரைந்துகொண்டிருந்த மாணவி, "பக்கத்தில் ஒரு வாளி வைத்தால் போதும், மேடம்" என்றாள். எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. "லீவுக்கு வருகிறவள் துணிப்பையோடு வருவாள். குளிக்கிற வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தால், திரும்பிப் போகப் போவதில்லை என்றுதானே அர்த்தம்?"

விடுதியில் வாழ்ந்தவளுக்குத்தான் அது தோன்றும். மறுநாள் அவளுடைய வாளியே வந்து சேர்ந்தது. நீல பிளாஸ்டிக், விளிம்பில் நகப்பூச்சால் எழுதிய பெயர். ஒரு பக்க வசனத்தை அடித்துவிட்டோம்.

சூரியன் எழுமுன் வருகிற நீலம் கலந்த வெளிச்சம் இருபது நிமிடம் நின்றாலே அதிகம். அதனால் கேமரா எங்கே நிற்கும், யார் எப்போது திரும்புவார்கள் என்பதையெல்லாம் முந்தைய மாலையே முடிவு செய்தார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே தரையில் கோலமாவால் ஒரு கோடு இழுத்தார்கள். கேமரா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், எதிரெதிராக இருப்பவர்கள் திரையில் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பாடத்தில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கோலமாவு அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

ஒலிக்காக மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்தோம். ஃப்ரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும் என்பது ஒலிப்பதிவாளர்களின் பழக்கம். சாவியை எடுக்கப் போகும்போது மறக்காமல் மறுபடி போட்டுவிடலாம். வீட்டுக்காரப் பாட்டியின் பால் கெடாமல் தப்பியது அப்படித்தான்.

ஒவ்வோர் இடத்துக்கும் தனி மௌனம் உண்டு. இந்த ஒலிப்பதிவு அறைக்கும் இருக்கிறது. நான் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறேன், கேளுங்கள்.

அந்த மௌனத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் வெட்டி ஒட்டுகிற இடங்களில் காது தடுக்கும். ஒரு முழு நிமிடம், மைக் நடுவே இருக்க, ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். முந்தின நாள் சண்டை போட்டுக்கொண்ட இருவர் தோளோடு தோள் நின்றதைப் பார்த்தேன். என் மனத்தில் இன்றும் நிற்பது அந்த நிமிடம்தான்.

படத்தொகுப்புக்கு வந்தபோது ஒரு சங்கடம். ஒரு மாணவன் விடியற்காலை நான்கு மணிக்கு மாடியேறிக் காத்திருந்து, பனிக்குள் கோபுரம் தெரிகிற ஷாட் ஒன்றை எடுத்திருந்தான். எடுத்ததிலேயே அழகானது அதுதான். அதை முதலில் வைத்து ஒரு வடிவம், அது இல்லாமல் ஒரு வடிவம் தயார் செய்து, கதை எதுவும் சொல்லாமல் பாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். முதல் வடிவத்தைப் பார்த்ததும், "கோபுரம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது!" என்றார். இரண்டாவதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே, அங்கே என்ன ஆயிற்று இந்தப் பெண்ணுக்கு?" என்று கேட்டார்.

அந்த மாணவனே எழுந்து வந்து தன் ஷாட்டை நீக்கிவிட்டான். முகம் வாடித்தான் இருந்தது. நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், அதன் ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?" என்றான்.

போட்டுக் கேட்டோம். எங்கோ ஓர் அடிபம்பு. அதற்கும் அப்பால், வளைவில் திரும்புகிற முதல் பஸ்ஸின் ஹாரன்.

படம் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. திரை இருட்டாக இருக்கிறது, பஸ் வருவது கேட்கிறது, பிறகு வாளி தெரிகிறது.

நன்றி, வணக்கம்.