முழங்கால் மாற்றிய வீட்டில் இரவு 2 மணி

எல்லோருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்திய நிலையத்தாருக்கு நன்றி. நான் ஒரு இயன்மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னால்தான் கனபேருக்கு விளங்கும். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களின் காலை மடக்குவிப்பதும் நீட்டுவிப்பதும்தான் என் வேலை. அதனால் கோண்டாவில் தொடக்கம் பருத்தித்துறை வரைக்கும், நான் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டாலே முகம் சுருங்குகிற அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

சத்திரசிகிச்சை செய்யலாமா வேண்டாமா, எங்கே செய்வது, எவ்வளவு முடியும் என்பதெல்லாம் இன்றைக்கு வேண்டாம், அது உங்களுக்கும் உங்கள் டொக்டருக்கும் இடையில். செய்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு மூன்று மாதம் நோவோடும் நித்திரையோடும் படுகிற பாட்டைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். நான் ஒரு வீட்டுக்குப் போனால் கால் எவ்வளவு மடங்குகிறது என்று முதலில் பார்ப்பதில்லை, இரவு நித்திரை கொண்டீர்களா என்றுதான் கேட்பேன். அந்தப் பதிலை வைத்தே கால் எவ்வளவு மடங்கும் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

எங்கள் ஆட்களுக்கு நோவைத் தாங்குவது ஒரு பெருமை. "நான் கனக்கக் குளிசை போடுறதில்லை பிள்ளை, தாங்கேலாமல் வந்தால் மட்டும் ஒண்டு போடுவன்" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தது போல இருக்கும். வேறு வருத்தங்களுக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். முழங்கால் மாற்றியவருக்கு அது நேரெதிர். புது மூட்டைச் சுற்றித் தழும்புத் தசை வளர்ந்து இறுகுவது முதல் சில வாரங்களில்தான், அதற்குள் மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் பிறகு மடக்குவது பெரும்பாடு, சிலருக்கு மறுபடி மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டி வரும். நோவோடு எவராலும் பயிற்சி செய்ய முடியாது. நோவோடு நித்திரையும் வராது, நித்திரை இல்லாவிட்டால் அடுத்தநாள் அதே நோ இரண்டு மடங்காகத் தெரியும். ஆகவே குளிசை உங்களுக்குச் சுகம் தருவதற்கு மட்டும் இல்லை, காலை மடக்குவதற்கும் கண்ணை மூடுவதற்கும் அது வேலைக்கு வேண்டிய ஆயுதம்.

இன்னொன்று, பலர் பயந்துபோகிற விசயம். சத்திரசிகிச்சை அன்று முதுகில் ஊசி போட்டு, காலுக்கும் விறைப்பு மருந்து போட்டிருப்பார்கள். அன்றைக்கு "இவ்வளவுதானா" என்று இருக்கும், சிலர் கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்துச் சிரித்துக் கதைப்பார்கள். அந்த விறைப்பு விட்ட பிறகு, இரண்டாம் மூன்றாம் நாளில், உண்மையான நோ வந்து நிற்கும். ஒப்பரேசன் பிழையாகிவிட்டது என்று வீடே கலங்கும். பிழை ஒன்றும் நடக்கவில்லை. தொடையெலும்பின் நுனியையும் கீழ்க்காலெலும்பின் தலையையும் சீவி, உலோகமும் பிளாஸ்ரிக்கும் பொருத்தியிருக்கிறார்கள், அது நோகாமல் இருந்தால்தான் புதினம். முதல் இரண்டு வாரம் கடுமை, பிறகு மெல்ல மெல்ல இறங்கும். இறங்குவதும் நேர்கோட்டில் இல்லை, மூன்று நாள் நல்லாக இருந்து நாலாம் நாள் கூடும்.

சரி, குளிசைக்கு வருவோம். பேனை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் டொக்டர் எழுதித் தந்த துண்டுதான் முதலாவது, நான் சொல்வது அதற்குப் பிறகு. அடிப்படை மருந்து பரசிற்றமோல், நாங்கள் பனடோல் என்று சொல்வது. நோ வந்த பிறகு போடுவதில் பெரிய பயன் இல்லை, மணிக்கூட்டைப் பார்த்துப் போட வேண்டும். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஒரு நாளைக்கு நாலு தரம், ஒரு தரத்துக்கும் மற்றத் தரத்துக்கும் இடையில் குறைந்தது 4 மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் கூடவே கூடாது. காலை 6, பகல் 12, பின்னேரம் 5, படுக்கமுன் 10 என்று வைத்தால் அனேகமானவர்களுக்குச் சரிவரும். மெலிந்த ஆட்கள், 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், தினமும் குடிக்கிற ஐயாமார், இவர்களுக்கு இந்த அளவு கூடிப்போகும், கேட்டுத்தான் போட வேண்டும்.

இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மகன் கனடாவிலிருந்து வரும்போது பெரிய போத்தலில் ரைலனோல் கொண்டுவந்திருப்பார். அம்மா ஆஸ்பத்திரி தந்த பனடோலையும் போடுவா, "மகன் தந்த நல்ல குளிசை" என்று அதையும் போடுவா. இரண்டும் ஒரே மருந்து. வெளிநாட்டுப் பெயரில் வந்ததால் வேறாகிவிடாது. அதைவிட மோசம், இரவுக்கு என்று எழுதி வருகிற வகைகள். அவற்றில் நித்திரை வரச் செய்வதற்காக அலர்ஜிக்குக் கொடுக்கிற பழைய மருந்து ஒன்று சேர்ந்திருக்கும். வயது போனவர்களுக்கு அது தலைச்சுற்று, நினைவுக் குழப்பம், சலம் போகாமல் அடைப்பது எல்லாம் கொண்டுவரும். நடு இரவில் கட்டிலால் இறங்கி "எங்கே நிற்கிறன்" என்று தெரியாமல் புது முழங்காலோடு விழுந்தால் என்ன செய்வது?

டைக்குளோபினாக், செலக்கொக்சிப், ஐபுபுரோபன் வகை வீக்கத்தைக் குறைக்க நல்லவை, ஆனால் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். சிறுநீரக வருத்தம், அல்சர், இருதய வருத்தம், பிரெசர் உள்ளவர்கள் டொக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. எங்கள் ஊரில் சலரோகத்தோடு பல வருடம் இருக்கிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது தெரியாமலே இருப்பவர்கள் எத்தனை பேர். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகமாகிய குளிசை என்று பார்மசியில் வாங்கிப் போடாதீர்கள். ட்ரமடோல் போன்ற பலமான குளிசை தந்திருந்தால் அது கொஞ்ச நாளைக்கு மட்டும். வாந்தி வரும், தலை சுற்றும், மலம் இறுகும். அதோடு நித்திரைக் குளிசையையும் சேர்த்துப் போடுவது ஆபத்து, மூச்சே மந்தமாகும். மலச்சிக்கலைச் சின்ன விசயமாக எடுக்காதீர்கள், நாலு நாள் போகாமல் வயிறு ஊதிக்கொண்டு கிடந்தவருக்கு எந்தக் குளிசை போட்டும் நித்திரை வராது. தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை, இவை போதாவிட்டால் மலமிளக்கி ஒன்று கேட்டு வாங்குங்கள். பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிற்பாட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல்: காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அடுத்தது தலையணை. இதைத்தான் நான் வீடு வீடாகச் சண்டை பிடிக்கிறேன். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மெல்ல மடித்துப் படுத்தால் சொர்க்கம் போல இருக்கும், எனக்குத் தெரியும். அப்படியே கிழமைக்கணக்கில் படுத்தால் கால் பிறகு நேராக நீளாமல் போகலாம், நடக்கும்போது நொண்டவும் கூடும். தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் தானாக நீளட்டும். பக்கவாட்டில் படுக்க ஆசை என்றால், டொக்டர் ஓம் என்றால், செய்யாத காலின் பக்கம் சரிந்து, இரண்டு காலுக்கும் நடுவில் தடித்த தலையணை. குப்புறப் படுப்பது இப்போது வேண்டாம். பாயில் படுக்கிற பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சக் காலத்துக்குக் கட்டிலுக்கு ஏறத்தான் வேண்டும், நிலத்தில் இருந்து எழும்புவது இந்தக் காலுக்கு இப்போது இயலாது.

ஏன் இரவில்தான் நோ கூடுகிறது? பகல் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு இருந்ததால் நீர் இறங்கிச் சேர்ந்திருக்கும், அசையாமல் படுத்தால் மூட்டு இறுகும், உடம்பே சுரக்கிற வீக்கத்தை அடக்கும் ஓமோன் நள்ளிரவை அண்டி மிகக் குறைவாக இருக்கும், வேறு யோசிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே இரவைப் பகலிலேயே கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் நான் வருத்தம் பார்க்க வருகிறவர்களோடு கொஞ்சம் கோபமாகக் கதைக்கிறேன். பின்னேரம் நாலு மணிக்கு அப்பிள், முந்திரிகை, நெஸ்டமோல்ட் பக்கற்றோடு வருகிறீர்கள், நல்லது. எட்டு மணி வரைக்கும் விறாந்தையில் இருந்து கதைக்கிறீர்கள், உள்ளே போய்ப் படுக்க அந்த அம்மாவுக்கு வெட்கம், மரியாதைக்காகக் கதிரையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறா, அதோடு உங்களோடு சேர்ந்து இரண்டு தேத்தண்ணி வேறு. அன்றிரவு கால் பூசணிக்காய். அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போங்கள். நோயாளியாக இருக்கிறவரும் வெட்கப்படாமல் படுத்துக்கொண்டே கதைக்கலாம், கால் நெஞ்சின் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

தேத்தண்ணி பின்னேரம் மூன்று நாலு மணிக்குப் பிறகு வேண்டாம். பகல் நித்திரை சோற்றுக்குப் பிறகு அரை மணித்தியாலம் போதும், மூன்று மணித்தியாலம் குறட்டை விட்டுவிட்டு இரவு வரவில்லை என்று முறையிட முடியாது. பயிற்சிக்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் முன்னம் குளிசையைப் போட்டுவிடுங்கள். பாரமான பயிற்சியைப் பின்னேரம் ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள், படுக்கமுன் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதும் தொடைத் தசையை இறுக்கி விடுவதும் மட்டும். பயிற்சிக்குப் பிறகும் படுக்கமுன்னும் ஐஸ், பொலித்தீன் பையில் போட்டுத் துவாயால் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் எரிந்துபோகும். சுடுதண்ணி ஒத்தடம், நொச்சியிலை அவித்து ஒத்துவது, எண்ணெய் போட்டு உருவுவது, இவற்றில் நம்பிக்கை இருக்கிற வீடுகள் நிறைய, நான் பகிடி பண்ணவில்லை. ஆனால் புதுக் காயத்தில், வீங்கின மூட்டில் இவை வேண்டாம். சூடு வீக்கத்தைக் கூட்டும், எண்ணெயும் இலையும் காயத்துக்குள் கிருமியைக் கொண்டுபோகும். உலோகம் பொருத்திய மூட்டுக்குள் கிருமி போனால் அதை வெளியேற்றுவது மறுபடி பெரிய ஒப்பரேசன்.

அப்புறமும் இரவு 2 மணிக்கு முழிப்பு வரும். வரட்டும். கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கிடக்க வேண்டாம். எழும்பி, வோக்கரைப் பிடித்து, வீட்டுக்குள் ஒரு தரம் நடந்து, ஐஸ் வைத்துவிட்டு மறுபடி படுங்கள், அனேகமாக நித்திரை வந்துவிடும். ஃபோனை எடுத்து லண்டனில் ஆர் முழிப்பு என்று பார்க்கத் தொடங்கினால் விடிந்துவிடும். எழும்புவதற்கு முன் ஆயத்தம் வேண்டும்: சின்ன வெளிச்சம் ஒன்று எரிய வேண்டும், கரண்ட் போனால் கைக்கெட்டுகிற இடத்தில் ரோச், வோக்கர் கட்டிலோடு. நுளம்பு வலையின் தொங்கல் காலில் சிக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வலையை மெத்தைக்குக் கீழே நன்றாகச் செருகி, இறங்குகிற பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டி விடுங்கள். மலசலகூடம் வளவின் பின்பக்கம் இருக்கிற வீடுகளில் இரவுக்குக் கொமட் கதிரை ஒன்றை அறைக்குள்ளேயே வைக்கிறதுதான் புத்தி. குந்தியிருக்கிற கக்கூஸ் இந்தக் காலத்தில் நினைக்கவே வேண்டாம்.

எப்போது ஒழுங்காக நித்திரை வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அனேகமானவர்களுக்கு 6 கிழமையில் தெளிவான முன்னேற்றம், 3 மாதத்தில் இரவு பழையபடி. மூட்டில் சூடும் வீக்கமும் 6 மாதம் வரைக்கும் இருக்கலாம், தழும்பின் வெளிப்பக்கத்தில் விறைப்பு நிரந்தரமாகவே தங்கலாம், வெட்டும்போது அங்கே போகிற மெல்லிய நரம்பு அறுபடுவதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறமுன் நடக்க வேண்டும் என்று யூனில் ஒப்பரேசன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நடக்கலாம், ஆனால் 25 நாளும் வீதி சுற்றவோ மணலில் சப்பாணி கட்டி இருக்கவோ கால் விடாது, தேருக்கு ஒரு கதிரையோடு போங்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஐந்து பேரில் ஒருவருக்கு அளவில், மாதங்கள் போயும் ஏதோ ஒரு நோ மிஞ்சி இருக்கும். 3 மாதத்துக்குப் பிறகும் இரவில் எழுப்புகிற நோ இருந்தால் "எனக்கு விதித்தது" என்று இருக்காமல் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள்.

குளிசையைக் குறைக்கும்போதும் ஒழுங்கு இருக்கிறது. பலமானதை முதலில் விடுங்கள், பிறகு டைக்குளோபினாக் வகை, கடைசியாகத்தான் பரசிற்றமோல், அதிலும் படுக்கமுன் போடுகிறது கடைசி. இரத்தம் உறையாமல் தந்த மருந்து நோக்குளிசை இல்லை, அதைச் சொன்ன நாள் வரைக்கும் நீங்களாக நிற்பாட்ட வேண்டாம்.

இனி, காத்திருக்கக் கூடாத சிலது. கெண்டைக்கால் இறுகி வீங்கி நோவது, காயத்தால் நீரோ சீழோ வருவது, காய்ச்சலும் குளிரும், மூட்டைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், நேரம் என்ன என்று பார்க்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும், காசு இல்லை. அந்த இலக்கத்தைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், பேரப்பிள்ளைக்கும் வாசிக்கத் தெரிகிற மாதிரி. நன்றி, வணக்கம்.