கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

என் தம்பியை மனநல வார்டில் சேர்த்த இரவு, அவனுடைய ஒற்றைச் செருப்பு என் கையில் இருந்தது. வரமாட்டேன் என்று அவன் முரண்டு பிடித்தபோது கழன்று விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அதற்குள் வார்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்து, "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்றார். என்ன நோய், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவருக்கு 24 வயது. அவர் சம்மதம் இல்லாமல் நாங்கள் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அந்த நர்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி எதுவோ அதைச் சொன்னார். ஆனால் அம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "பெத்தவளுக்குக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவள்தான் நான். அதற்குப் பிறகு, அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களோடு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் எந்த நாட்டில் இருந்து இதைக் கேட்கிறீர்களோ தெரியாது. அதனால் நான் ஓரளவு நன்றாகப் படித்த சட்டங்களை வைத்துப் பேசுகிறேன். உங்கள் ஊரில் பெயர்கள் வேறாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அநேகமாக இவையே.

கசப்பான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது வந்த ஒருவருக்காக முடிவெடுக்கும் உரிமை, பெற்றோர் என்பதாலோ கணவன் மனைவி என்பதாலோ தானாக வந்துவிடாது. 'நாங்கள்தானே சேர்த்தோம், நாங்கள் சொன்னால் வெளியே விட வேண்டும்' என்றோ, 'நாங்கள் சொல்லும்வரை உள்ளேயே வைத்திருங்கள்' என்றோ கேட்க முடியாது. இது குடும்பத்தை அவமதிக்கும் ஏற்பாடு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். தமிழ்நாட்டின் ஏர்வாடியைப் பற்றி யோசித்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 25 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது சொந்தக் குடும்பம்தான். கெட்ட எண்ணத்தோடு விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழி தெரியாமல் விட்டிருப்பார்கள். ஆனாலும், அடைத்துவைக்கும் சாவி குடும்பத்தின் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தனியாக எழுதிவைத்திருக்கிறது.

சரி, முடிவெடுக்கும் உரிமை இல்லை என்றால் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. ஆனால் அது எல்லா உறவினருக்கும் பொதுவானது இல்லை. சட்டம் யாரை உறவினர் என்று ஏற்றுக்கொள்கிறதோ, அவருக்கே உரியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இதற்கு ஒரு வரிசையே வைத்திருக்கிறது. 'மிக நெருங்கிய உறவினர்' என்று ஒருவர். முதலில் கணவன் அல்லது மனைவி, அப்புறம் மகன் மகள், அப்புறம் தாய் தந்தை, பிறகு உடன்பிறந்தோர் என்று அது இறங்கிக்கொண்டே போகும். ஒரே படியில் இருவர் இருந்தால் பொதுவாக மூத்தவர். ஆனால் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் உறவினர் ஒருவர் இருந்தால், அவர் வரிசையைத் தாண்டி மேலே வந்துவிடுவார். இது பலருக்குத் தெரியாது. தூரத்தில் இருக்கும் மூத்த மகன், "நான்தான் பெரியவன், என்னைக் கேட்காமல் எப்படி?" என்று தொலைபேசியில் சத்தம் போடுவார். தினமும் சோறு போட்டு மாத்திரை கொடுத்த இளைய மகள் பேசாமல் நிற்பாள். சட்டப்படி உரிமை அவளுக்கு. அதை அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போகிறது. வரிசை என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த மனிதர் யாரை நம்புகிறார் என்று கேட்கிறது. வயது வந்த எவரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, தனக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாரையும் நியமிக்காவிட்டால்தான் உறவினர், அவரும் இல்லாவிட்டால் பராமரிப்பவர் என்று அடுத்தடுத்துப் போகும். இங்கிலாந்தும் 2025இல் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தில், பழைய வரிசையை விட்டு, நோயாளியே தேர்ந்தெடுக்கும் ஒருவரைக் கொண்டுவர முடிவுசெய்திருக்கிறது. இந்த மாற்றம் நியாயமானது என்பது என் கருத்து. ஒருவர் நோய்வாய்ப்பட்டதற்கு வீட்டிலேயே காரணம் இருக்கலாம். அந்த வீட்டு மனிதரையே அவருக்காகப் பேசச் சொல்வது பெரிய கொடுமை.

ஆகவே வார்டுக்கு வெளியே நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "அவருக்கு என்ன ஆச்சு?" என்று இல்லை. "சட்டப்படி அவருக்காகப் பேச வேண்டியவர் என்று யாருடைய பெயரை எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அப்போதே சொல்லித் திருத்தலாம்.

இரண்டாவது கேள்வி, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வைத்திருக்கிறீர்கள் என்பது. பிரிவு தெரிந்துவிட்டால் கெடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதில் ஒன்றைக் கவனித்தேன். 72 மணி நேரம் என்ற கணக்கு நாடு நாடாகத் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கிலாந்தில் அவசரமாகச் சேர்த்து வைத்திருப்பது 72 மணி நேரம். இந்தியாவில் அவசர சிகிச்சை பொதுவாக 72 மணி நேரம். கனடாவின் ஒன்டாரியோவில் பரிசோதனைக்காக வைத்திருப்பது 72 மணி நேரம். சிங்கப்பூரிலும் முதல் கட்டம் அதே 72 மணி நேரம். அந்த மூன்று நாளுக்குள் ஒன்று விட வேண்டும், அல்லது வேறொரு காரணத்தை எழுதி வேறொரு கட்டத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் அடுத்தது பரிசோதனைக்காக 28 நாள் வரை, சிகிச்சைக்காக 6 மாதம் வரை. இந்தியாவில் முதலில் 30 நாள் வரை. அதற்கு ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேலும் தேவை என்றால் இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், உள்ளே வைத்திருப்பது சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். இந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டில் யாரும் குறிக்கவில்லை. 'டாக்டர் சொல்லும்போது விடுவார்கள்' என்று இருந்துவிட்டோம். டாக்டருக்கும் ஒரு தேதி உண்டு என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அந்தத் தேதிக்கு முன்னால் நாம் செய்யக்கூடியது என்ன? இங்கிலாந்தில் அந்த 6 மாதத்துக்கு உள்ளே சேர்ப்பதற்கு முன்பாக மிக நெருங்கிய உறவினரைக் கலந்து பேச வேண்டும். அவர் மறுத்தால் சேர்க்க முடியாது. அவரை நீதிமன்றம் மாற்றினால்தான் உண்டு. உள்ளே போன பிறகும், விடுவியுங்கள் என்று 72 மணி நேர முன்னறிவிப்போடு அவர் எழுதிக் கொடுக்கலாம். விட்டால் நோயாளிக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று பொறுப்பு மருத்துவர் எழுதினால் மட்டும் விடுவிப்பது தடைபடும். இந்தியாவில் நோயாளியும் அவருடைய பிரதிநிதியும் வாரியத்துக்கு மனு கொடுக்கலாம். அந்த முதல் 30 நாளுக்குச் சேர்த்ததை எதிர்த்துப் போடும் மனுவை வாரியம் 7 நாளுக்குள் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். இலவச சட்ட உதவி கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. தனி அறையில் பூட்டிவைக்கவே கூடாது; வேறு வழியில்லாமல், சங்கிலி இல்லாமல், கட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

இந்த அதிகாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்' என்ற தவிப்பில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் "அக்கா, கூட்டிட்டுப் போ" என்று அழும்போது எந்த மனமும் தாங்காது, எனக்குத் தெரியும். ஒரு நாள் பொறுங்கள். வீட்டில் இரவு யார் விழித்திருப்பார்கள், மருந்தை யார் கொடுப்பார்கள், மறுபடி நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எழுதுங்கள். இங்கிலாந்தில் மருத்துவர் தடுத்துவிட்டால், அதே மாதிரி இன்னொரு முறை எழுத 6 மாதம் காத்திருக்க வேண்டும். இருப்பது ஒரு வாய்ப்பு, அவசரத்தில் இழந்துவிடக் கூடாது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவமனையின் கடமை. சட்டப்படியான பிரதிநிதிக்குச் சில விவரங்களைக் கேட்கும் உரிமை உண்டு. மற்றவர்களிடம், நோயாளி வேண்டாம் என்றால் பொதுவாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கடமை, அவர்கள் நம்மிடம் சொல்வதைத்தான் தடுக்கிறது. நாம் அவர்களிடம் சொல்வதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. 'எங்களால் பேச முடியாது' என்று சொல்லும் அதே ஆளிடம், "நீங்கள் பேச வேண்டாம், நான் சொல்வதைக் கேட்டுக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம்.

இதை நான் அப்போது தெரிந்துகொள்ளாமல் போனேன். என் தம்பிக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. பாதுகாப்புக்காக என்று உள்ளே அதை வாங்கி வைத்துவிட்டார்கள். கண் மங்கலாக, பக்கத்தில் வருபவர் முகம் தெரியாமல், யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று அவன் அலறியிருக்கிறான். அந்த அலறலை அவர்கள் நோயின் வேகம் என்று எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஐந்து நாள் இப்படிப் போயிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வரி அது, 'அவனுக்குக் கண்ணாடி வேண்டும்' என்று. வெளியே நின்று, எங்களிடம் எதுவும் சொல்லவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தோம். நாங்களும் எதையும் சொல்லவில்லை.

அதனால் இப்போது எந்தக் குடும்பம் வந்தாலும் முதலில் ஒரு தாளைக் கையில் கொடுக்கிறேன். அவருக்கு எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு என்ன நோய் இருக்கிறது, எதைக் கண்டால் பயப்படுவார், எப்படிப் பேசினால் அடங்குவார், கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினார், அவரை நம்பி வீட்டில் குழந்தையோ முதியவரோ இருக்கிறார்களா. தேதி போட்டு, கையெழுத்திட்டு, இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் வாங்கிக்கொண்டவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கோப்பில் எழுதியதை நோயாளி பிற்பாடு படிக்க நேரலாம். அவர் படித்தாலும் உங்களை மன்னிக்கும்படி எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்குத்தான் அவர் திரும்பப் போகிறார் என்றால் அந்தப் பேச்சில் உங்களுக்கு இடம் உண்டு. இந்தியச் சட்டம், அவர் யாரோடு வாழப் போகிறாரோ அவரைக் கலந்து பேசச் சொல்கிறது. மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் "வந்து கூட்டிப்போங்கள்" என்றால், நாளைக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேட்பதால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

என் தம்பி ஏழு வாரம் கழித்து வீடு வந்தான். ஒரு வருடம் போல் ஆன பிறகு, நன்றாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி இப்படி ஆனால் என்ன செய்யலாம் என்று நானே பேச்சை எடுத்தேன். உட்கார்ந்து எழுதினான். தனக்காகப் பேச வேண்டியவர் என்று அவன் எழுதியது என் பெயரை இல்லை. கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவனுடைய பெயர். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டேன். "நீ அழுவே அக்கா. நீ அழுதா நான் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடுவேன்" என்றான்.

அந்தத் தாள் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: அவனிடம், அந்த நண்பனிடம், என் அலமாரியில். அதில் முதல் வரி இது: "என் கண்ணாடியை வாங்கி வைத்துவிடாதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் வரும்போது உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே வாருங்கள்."

வணக்கம்.